பகலில் தூங்குகிறவர்களின் கூரை



சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை, ஒரகடம் கூட்ரோட்டுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். மணி ஒன்பது இருக்கும். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்களைக் கம்பெனி பஸ்கள் தெருமுனையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். நண்பரின் வீட்டு மாடியில் வரிசையாக நாலு அறைகள். அறைக்கு நாலைந்து பேர். எல்லாருமே தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகள்.

அவர்களில் ஒரு தம்பி சட்டையைக்கூட மாற்றவில்லை. வாளியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தளத்தில் பழைய சாக்குகளை விரித்து அவற்றின் மேல் தண்ணீரை ஊற்றினார். பத்து வாளியாவது இருக்கும். "என்ன தம்பி, செடி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார், தூங்கறதுக்கு. இப்ப ஊத்தினா மத்தியானம் ஒரு மணி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல ஃபேனைப் போட்டா அனல்தான் இறங்கும்" என்றார். சாயங்காலம் மறுபடி ஷிப்டு. நாலு மணி நேரத் தூக்கத்துக்காக அந்தப் பிள்ளை தினமும் பத்து வாளி தண்ணீர் சுமக்கிறார்.

ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் தூங்கியாக வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் வட்டாரம் அது. அவர்களுடைய தலைக்கு மேல் இருக்கும் ஐந்து அங்குல கான்கிரீட்டைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன். அதைப் பற்றி யாராவது ஆராய்கிறார்களா என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டவையும் இதில் உண்டு.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் காலூன்றியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இவற்றுக்கு முன்னும் பின்னுமாகக் கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிக்கரை ஊர்களெல்லாம் ஆலை ஊர்களாகிவிட்டன. ஆலை வந்தால் ஆள் வரும்; ஆள் வந்தால் குடியிருக்க இடம் வேண்டும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட தங்கும் விடுதியை சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. வேலை கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது, வேலை செய்கிறவர் எங்கே தலைசாய்ப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது; அதை மனதார வரவேற்கிறேன். அந்த விடுதிக்கு வெளியே, வீட்டுக்காரர் கடன் வாங்கி எழுப்பிய மாடி அறைகளில் குடியிருப்பவர்கள் இன்னும் பல மடங்கு. அந்த அறைகள் இன்றும் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு சென்ட்ரிங் பலகை அடுக்கு, ஒரு எம்-சாண்ட் குவியல்.

இப்படி எழும்பும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு கார்பன் கணக்குகள் உண்டு. குடியேறிய நாள் முதல் விளக்கு, ஃபேன், ஏ.சி. என்று ஓடும் மின்சாரத்தின் கணக்கு ஒன்று. குடியேறும் முன்பே சிமெண்ட், கம்பி, செங்கல் என்று சுவருக்குள் போய் உட்கார்ந்துவிட்ட கணக்கு இன்னொன்று. மின்சாரக் கணக்கை மாதாமாதம் பில் காட்டிவிடும். சுவருக்குள் இருப்பதைக் காட்டும் பில் எதுவும் வராது. ஆனால் கட்டி முடித்த பிறகு அதில் ஒரு கிலோவைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது.

சிமெண்டை எடுத்துக்கொள்வோம். அரியலூர்ப் பக்கம் போனவர்கள் அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது கடல். கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் அந்தக் கல். நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் படிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அந்தக் கல்லுக்குள் அத்தனை காலமும் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கிறது. சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரிக்குச் சூடாக்கி, சிமெண்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிகளாக்கும்போது அது வெளியேறுகிறது. ஒரு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லுக்கு 440 கிராம். அடுப்பு எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் தனி. சூரிய ஒளியில் ஆலையை ஓட்டினாலும் கல்லிலிருந்து வரும் புகை நிற்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கிளிங்கரே பெரும்பகுதியாக உள்ள சாதாரண சிமெண்டில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயு கணக்காகிறது. உலகம் முழுவதும் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

இதற்கு மாற்று தேடி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்கள் ஒரகடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், கிண்டி காட்டை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறார்கள். அங்கே கட்டடப் பொறியியல் துறையில் பேராசிரியர்கள் ரவீந்திர கெட்டு, மனு சந்தானம் போன்றோரின் வழிகாட்டுதலில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் முக்கியமானது எல்சி3 என்ற சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கேரன் ஸ்க்ரிவெனர், கியூபாவின் பெர்னாண்டோ மார்ட்டிரேனா ஆகியோரோடு சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து வளர்த்த சிமெண்ட் இது. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதிக்கு 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 சதவீதம் ஜிப்சம் சேர்ப்பது இதன் அடிப்படைக் கலவை. களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். அதிலிருந்து கரியமில வாயு பிரிவதும் இல்லை. பீங்கான் செய்யும் உயர்ந்த மண் தேவையில்லை, ஓரளவு கயோலின் உள்ள நடுத்தர மண்ணே போதும். மூட்டைக்கு 30 முதல் 40 சதவீதம் வரை கார்பன் குறைகிறது.

படிக்கும்போது எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு வீடு ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும். புதுச் சிமெண்டை நம்பி அதில் குடும்பத்தைக் குடியேற்றலாமா என்ற கேள்விக்குத்தான் ஆய்வு மாணவர் தன் இளமையின் நாலைந்து ஆண்டுகளைக் கொடுக்கிறார். 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டைகளை வார்ப்பார். தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊறவைப்பார். 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள், 90-ஆம் நாள், 365-ஆம் நாள் என்று எடுத்து உடைத்துப் பார்ப்பார். அவசரப்பட்டால் கான்கிரீட் கேட்காது. ஓராண்டுச் சோதனைக்கு ஓராண்டுதான் ஆகும்.

அந்தச் சோதனைகளில் ஒன்று என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைத் தின்றுவிடும். எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று தெரிய, கட்டையை இரண்டாகப் பிளந்து, பிளந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் இருக்கும் இடமெல்லாம் பட்டென்று ரோஜா நிறமாக மாறும். காரம் போன ஓரம் மட்டும் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அந்தச் சாம்பல் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலை வைத்து அளந்து நோட்டில் எழுதுவார்கள். ஒரு வீட்டின் ஆயுள் அந்தச் சின்ன ஓரத்தின் அகலத்தில் எழுதியிருக்கிறது.

ஆய்வுகள் சொன்ன பதிலில் நேர்மை இருக்கிறது. உப்பு உள்ளே ஊறுவதைத் தடுப்பதில் எல்சி3 கான்கிரீட் மிக நன்றாக நிற்கிறது. கடற்கரை ஊர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் அந்தச் சாம்பல் ஓரம் சாதாரண சிமெண்டைவிட இதில் வேகமாக உள்ளே நகர்கிறது. அதனால் கம்பிக்கு மேல் போதிய கனம் விட வேண்டும், தண்ணீர் விட்டு நன்றாகப் பதப்படுத்த வேண்டும். நல்லதையும் குறையையும் சேர்த்தே சொல்வதால்தான் ஆராய்ச்சியை நம்ப முடிகிறது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்தச் சிமெண்டுக்கு ஐ.எஸ். 18189 என்ற தரக்குறியீட்டை வெளியிட்டது. சோதனைக்கூடத்துக் கட்டை கடைக்கு வருவதற்கான கதவு அன்றுதான் திறந்தது.

இதில் எனக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. சுட்ட களிமண்ணைச் சுண்ணாம்போடு சேர்த்தால் இறுகும் என்பது நம் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்போடு அரைத்த சுர்க்கி கலவைதான் அது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு-சுர்க்கியில் எழுந்தது. நம் பாட்டன் வீட்டு மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து அடித்து இறுக்கிய அடுக்கு இருந்ததும், அந்த வீடுகள் மத்தியானத்தில் குளுகுளுவென்று இருந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தலைமுறை அனுபவத்தில் கண்டதை இன்னொரு தலைமுறை அளந்து, காரணம் சொல்லி, தரக்குறியீடாக்கித் தருகிறது. பழமையைப் போற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுவரைப் பற்றியும் நம் பக்கத்து ஆய்வாளர்கள் நிறையச் செய்திருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய 'அஸ்த்ரா' அமைப்பில், கே.எஸ். ஜகதீஷ், பி.வி. வெங்கட்டராம ரெட்டி ஆகியோர் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்தி வார்க்கும் கட்டிகளை ஆராய்ந்தார்கள். 6 சதவீதச் சிமெண்ட் சேர்த்த அந்தக் கட்டிக்குச் செலவாகும் ஆற்றல், சுட்ட செங்கல்லுக்கு ஆவதில் ஏறத்தாழ கால் பங்குதான் என்று 2003-இல் கணக்குக் காட்டினார்கள். ஆரோவில்லின் மண் கட்டடக் கழகம் அத்தகைய கட்டிகளால் எழுப்பிய கட்டடங்களை யார் வேண்டுமானாலும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். உர ஆலைக் கழிவான பாஸ்போ-ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்து வார்த்த பெரிய பலகைகளால் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் 2013-இல் ஒரு மாடிக் கட்டடமே எழுந்தது. பேராசிரியர்கள் தேவதாஸ் மேனன், மெஹர் பிரசாத் ஆகியோரின் குழுவினர் அந்தப் பலகை நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ஆராய்ந்து செய்துகாட்டியது அது.

மின்சாரக் கணக்கின் பக்கமும் ஓர் ஆய்வு உண்டு. நம் ஊர் அலுவலகங்களில் ஏ.சி. எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் குளிர்நாட்டு அளவுகளே தீர்மானித்தன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உட்பட ஐந்து நகரங்களில், 16 கட்டடங்களில், வேலை செய்கிறவர்களையே நேரில் கேட்டார்கள். 6,330 பதில்கள் சேர்ந்தன. வெளியே காயும் வெயிலுக்கு ஏற்ப நம் உடம்பு பழகிக்கொள்கிறது, அந்தக் குளிர்நாட்டு அளவுகள் சொல்வதைவிட அதிக வெப்பத்திலும் நாம் சௌகரியமாக இருக்கிறோம் என்பது அவர்கள் கண்டது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம்பெற்றது. யாரோ ஓர் ஆய்வு மாணவர் மேசை மேசையாகப் போய், "உங்களுக்கு இப்போது வெக்கையாக இருக்கிறதா?" என்று கேட்டதன் பலன் நாட்டின் விதிப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் அந்தத் தம்பி ஏன் இன்னும் வாளி தூக்குகிறார்?

நண்பரின் வீட்டுக்கு எதிரே ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது ஆண்டு அனுபவசாலி. என்ன சிமெண்ட் என்று கேட்டேன். "தளத்துக்கு 53 கிரேடு சார். பூச்சுக்கு பிபிசி" என்றார். தண்ணீர் எத்தனை நாள் விடுவீர்கள் என்றேன். "ஏழு நாள் விடணும். ஓனர் அவசரப்பட்டா அஞ்சு நாள்" என்றார். பிபிசி மாதிரிச் சாம்பல் கலந்த சிமெண்டில் கான்கிரீட் போட்டால் குறைந்தது பத்து நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி சொல்கிறதே என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இதை யாரும் எங்ககிட்ட சொன்னதில்லையே சார். சொன்னா செய்ய மாட்டோமா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அந்தத் தரவிதி வந்தது 2000-ஆம் ஆண்டில். இத்தனை ஆண்டுகளில் அது புத்தகத்திலிருந்து அந்தச் சாரத்தின் மேல் ஏறவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்து, கெட்டி அட்டையோடு நூலக அலமாரிக்குப் போகிறது. அதன் சாரம் வெளிநாட்டு ஆய்விதழில் வருகிறது. அதைப் படித்துத் தன் சூளையை மாற்ற சிமெண்ட் கம்பெனிக்கு வழியிருக்கிறது. தன் கலவையை மாற்ற மேஸ்திரிக்கு வழியில்லை. கடன் வாங்கி வீடு கட்டுகிற நடுத்தரக் குடும்பத்துக்கும் வழியில்லை. குறை ஆராய்ச்சியில் இல்லை, மேஸ்திரியிடமும் இல்லை. இருவருக்கும் நடுவே மொழியில் ஒரு பாலம் போடாமல் விட்டது நம் எல்லாருடைய குறை. பத்திரிகை நடத்துகிற எனக்கும் அதில் பங்கு உண்டு.

அதனால் மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஆய்வு செய்யும் தம்பி தங்கைகளுக்கு. உங்கள் ஆய்வேட்டின் இருநூறு முந்நூறு பக்கங்களோடு, நாலே நாலு பக்கம் தமிழில் எழுதுங்கள். ஒரு மேஸ்திரியின் மகளுக்குப் புரிகிறமாதிரி எழுதுங்கள். அவள் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். என்ன கண்டுபிடித்தீர்கள், எதில் கவனம் வேண்டும், கட்டுகிறவர் நாளைக்கே எதை மாற்றிச் செய்யலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். அனுப்பினால் இந்த இதழில் வெளியிடுகிறோம். இது என் உறுதி. தமிழக அரசும் பல்கலைக்கழகங்களும் இந்த நாலு பக்கத்தை ஆய்வேட்டின் கட்டாயப் பகுதியாகவே ஆக்கினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் ஆலை நிர்வாகங்களுக்கு. ஆய்வு மாணவருக்கு மிகவும் தேவைப்படுவது நிஜமான ஒரு கூரை. உங்கள் ஷெட்டுகளில் ஒன்றை, விடுதிக் கட்டடங்களில் ஒன்றை, ஒரு கோடை முழுவதும் அவர்களுடைய வெப்பமானிகளுக்குக் கொடுங்கள். பாதிக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, பாதிக்கு இல்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று பார்க்கட்டும். இந்த வட்டாரத்திலேயே முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணாடி வார்க்கும் செயின்ட்-கோபேன், பழைய கண்ணாடியைப் பெருமளவு உருக்கிச் சேர்த்தும், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைப் பயன்படுத்தியும், கார்பன் அளவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்த கண்ணாடியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியிருக்கிறது. தன் ஆய்வுக்கூடத்தை அது சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்காவில் வைத்திருக்கிறது. நாற்பது கிலோமீட்டரைக் கடக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, வீடு கட்டப்போகும் வாசகர்களுக்கு. உங்கள் இன்ஜினியரிடம் நாலு கேள்வி கேளுங்கள். தளத்தின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்ப என்ன போடப்போகிறீர்கள்: வெள்ளை ஓடா, தட்டோடா, சுண்ணாம்பா? மேற்குச் சுவருக்கு நிழல் எங்கிருந்து வரும்? சிமெண்டைக் குறைத்துக் கட்ட எங்கெல்லாம் முடியும்? தண்ணீர் பத்து நாள் விடுவீர்களா? இந்த நாலில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. கேட்கிற பழக்கம்தான் தேவை. வாடகைக்கு விடும் அறையாக இருந்தால் இன்னும் அழுத்தமாகக் கேளுங்கள். அதில் தூங்கப்போகிறவர் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்.

அன்று நான் கிளம்பும்போது மணி பதினொன்று. அந்தத் தம்பியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கொடியில் அவருடைய சீருடைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மேலே சாக்கில் ஈரம் பாதி உலர்ந்திருந்தது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அதே நேரத்தில், ஒருவர் தொட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பது நம் வேலை. உங்கள் வீட்டுக் கூரையைக் குளிரவைக்க நீங்கள் செய்து பார்த்து வெற்றி கண்ட வழி எதுவானாலும், எவ்வளவு சிறியதானாலும், எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த கோடைக்குள் அவற்றையெல்லாம் தொகுத்து, ஆய்வாளர்களிடம் காட்டிச் சரிபார்த்து, இதே பக்கங்களில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்